கச்சானும் புழுக்கமும்: மட்டக்களப்புக் கோடையைக் கடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டாரவளையிலிருந்து இடமாற்றம் பெற்றுக் கல்லடிக்கு வந்த நண்பர் ஒருவர் முதல் மாதமே ஏசி பூட்டினார். இரண்டாம் மாதம் மின்சாரப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து, “நீங்களெல்லாம் இந்த ஊரில் எப்படித்தான் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அன்று பின்னேரம் அவருக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லா வெக்கையையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் இரண்டு வெக்கைகள் மாறி மாறி வரும். ஒன்று கச்சான்: மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று. மற்றது புழுக்கம்: காற்று அசையாமல், உடம்பு பிசுபிசுத்து, பின்னேரம் இடிமழையில் முடிகிற நாள். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் நிலைமை மோசமாகும். ஏசி இல்லாமல் இங்கே வாழ்கிறவர்கள் இதை வாயால் சொல்லாவிட்டாலும் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நாட்காட்டியில் அக்கினி நட்சத்திரம் மே மாதத்தோடு முடிந்துவிடும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நம் கோடைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

முதலாம் படி: எழுந்தவுடன் காற்றைப் பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குச் சரிவில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. வெறுங்கையோடு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறுகிறது. அங்கே மலைநாட்டில் குடை பிடிக்கிற அதே நாளில் இங்கே வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல்வரப்பு வெடிக்கும். அதுதான் கச்சான். (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். “இன்றைக்குக் கச்சான் கடுமை” என்று யாராவது சொன்னால் விலையைப் பற்றிச் சொல்கிறாரா காற்றைப் பற்றிச் சொல்கிறாரா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டிவரும்.)

எந்த நாள் எது என்று அறியக் கருவி வேண்டாம். என் அம்மம்மாவின் அடுப்படித் தட்டில் கல்லுப்புப் போட்ட சிரட்டை ஒன்று இருந்தது. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சிரட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் கிளறுவார். உப்பு கண்ணாடிச் சில்லுபோலக் கலகலத்தால் ஒன்றும் பேசமாட்டார். மேற்குச் சன்னலை மட்டும் போய்ச் சாத்துவார். உப்பு விரலில் ஒட்டி, சிரட்டையின் ஓரம் கசிந்திருந்தால், “வடகம் காயாது, விறகை உள்ளே எடுங்கள்” என்பார். பெரும்பாலும் பின்னேரம் இடித்தது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை நெருங்கும்போது உப்பு நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் என்பதைப் பிறகு பாடப் புத்தகத்தில்தான் படித்தேன்.

சிரட்டை இல்லாதவர்கள் கொடியில் கிடக்கும் துவாயைத் தொட்டுப் பார்க்கலாம். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடலே சொல்லும். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை அடங்கி, தகடுபோலக் கிடக்கும். கச்சான் மெலிந்த நாளில் காலை பத்து, பதினொரு மணிக்கெல்லாம் கடல்காற்று உள்ளே வந்துவிடும். கச்சான் பலமான நாளில் அதை வரவிடாமல் தடுத்துப் பிற்பகல்வரை வைத்திருக்கும். சில நாள் வரவே விடாது. நாவலடி, கல்லடி, காத்தான்குடிப் பக்கம் மூச்சு விடத் தொடங்கிய பிறகும் வாவிக்கு அப்பால் கொக்கட்டிச்சோலை வெந்துகொண்டிருப்பது இதனால்தான்.

இரண்டாம் படி: வீட்டைக் காற்றுக்கு ஏற்றபடி நடத்துங்கள்

கச்சான் நாளில் வீட்டைப் பூட்டுங்கள். விடியற்காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு இரவின் குளிர்ச்சியை உள்ளே வாங்கி, எட்டு எட்டரைக்குள் மேற்குப் பக்கத்தை முழுதாகச் சாத்திவிட வேண்டும். 35, 36 பாகைக் காற்றை வீட்டுக்குள் அழைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சாத்த முடியாத சன்னல் இருந்தால் நனைத்த சாக்கையோ பழைய சாரத்தையோ கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்த காற்று அதில் பட்டு நீரை ஆவியாக்கிக் குளிர்ந்து உள்ளே வரும். முற்றத்துக்கும் விறாந்தைக்கும் தண்ணீர் தெளிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

புழுக்க நாளில் இவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யுங்கள். கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். ஈரத்துணி, தண்ணீர் தெளித்தல் எதுவும் வேண்டாம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் சாக்குத் தந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்ற துணிச்சலில் அதை மூன்று கிழமை கழற்றாமல் விட்டுவிட்டேன். இடையில் காற்று மாறியதைக் கவனிக்கவில்லை. சுவரில் பூஞ்சணம், அலுமாரிக்குள் சட்டைகளில் கரும்புள்ளி, பிள்ளைகளின் கழுத்து முழுக்க வேர்க்குரு. மனைவி சாக்கைக் கழற்றி முற்றத்தில் போட்டதோடு ஆராய்ச்சி முடிந்தது.

வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் இரண்டாம் கிழமையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடி நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதமும் நண்பகல் வெயில் தெற்கிலிருந்து வருவதில்லை. வடக்கிலிருந்து சாய்ந்து வரும். ஆகவே நிழல் தேவைப்படுவது மேற்குச் சுவருக்கும் வடக்குச் சன்னலுக்கும். தெற்குப் பக்கம் கிடுகுத் (பின்னிய தென்னோலை) தாழ்வாரம் இறக்கிவிட்டு “இன்னும் சுடுகிறதே” என்று சொல்லும் வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு இருக்கின்றன.

கூரைதான் பெரிய செலவு, பெரிய பலனும் அதுதான். ஓட்டுக்கூரை தாங்கிக்கொள்ளும். தகரமும் சீற்றும் பகல் முழுக்கச் சூடேறித் தலைக்கு மேல் கனலாக நிற்கும். மாற்ற வசதி இல்லாதவர்கள் மேலே வெள்ளைப் பூச்சு அடித்தாலே உள்ளே வித்தியாசம் தெரியும். தகரத்துக்கு மேல் கிடுகு பரப்புவது பழைய வழக்கம், நல்ல வழக்கம்; பலத்த காற்றுக்குக் கட்டி இறுக்குவதும் அடுப்புப் பொறியிலிருந்து காப்பதும் உங்கள் பொறுப்பு. சிலாப் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கொங்கிறீற்று பகலில் வாங்கிய சூட்டை இரவு பதினொரு மணிக்குத்தான் திருப்பித் தரும். மேல்மாடியில் படுக்காதீர்கள்.

மின்விசிறி புழுக்க நாளில் ஏசியைவிட நல்ல நண்பன். ஆனால் தகரக் கூரையின் கீழ் அறைக்காற்று 40 பாகையைத் தாண்டிவிட்டால் அது சூட்டை உடம்பில் அள்ளி வீசத் தொடங்கும். அப்போது அறையை விட்டு வேப்பமர நிழலுக்குப் போவதுதான் வழி.

மூன்றாம் படி: வெயில் வேலையை முன்னுக்குத் தள்ளுங்கள்

நம் கரையில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. சந்தை, வங்கி, துணி துவைத்தல், மரம் வெட்டுதல், எதுவானாலும் பத்து மணிக்குள். பதினொன்று தொடக்கம் மூன்று வரை வெயிலில் நிற்கும் வேலை வேண்டாம். சிறுபோக அறுவடைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று தெரியும். அவர்களுக்கு அடுத்த படி.

நான்காம் படி: தண்ணீர், கிணற்றுக்கும் உடம்புக்கும்

கச்சான் நாளில் வியர்வை தோன்றும்போதே காய்ந்துவிடுகிறது. “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றிப்போகும். புழுக்க நாளில் சட்டை நனைந்து ஒழுகும், ஆனால் அந்த வியர்வை ஆவியாகாததால் உடம்பு குளிராது. முதலாவதில் தண்ணீர் குறைவதுதான் ஆபத்து. இரண்டாவதில் உடம்புச் சூடு இறங்காததுதான் ஆபத்து. இரண்டிலும் தாகத்தை நம்பக் கூடாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். தேநீர் நிறத்துக்குப் போனால் நீங்கள் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள்.

வீட்டில் இருப்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லீற்றர் போதும். வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவர் கால் மணித்தியாலத்துக்கு, மிஞ்சினால் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை வீதம் குடிக்க வேண்டும்; ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் கவிழ்ப்பது உதவாது. நீண்ட நேரம் வியர்த்தால் உப்பும் போகும். மோரும் உப்புமோ, தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியுமோ போதும். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி (பொதியில் வரும் உப்பு-சீனித் தூள்) கரைசல். அது கையில் இல்லாதபோது, கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பை அள்ளிப் போடாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெக்கையானாலும் தாய்ப்பால் மட்டுமே போதும்; தண்ணீர், கொத்தமல்லிக் குடிநீர் எதுவும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள், தாய் நிறையக் குடிக்கட்டும். பிள்ளை பெற்றவளைக் காற்றுப் புகாத அறையில் மூடி வைக்கும் வழக்கத்தைக் கோடையில் விட்டுவிடுங்கள். இதில் நான் மூத்தவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன், மறுபடியும் பிடிப்பேன்.

மண்குடம் கச்சான் நாளில் அற்புதம் செய்யும். வெளிப்புறம் கசியும் நீர் ஆவியாகிக் குடத்துக்குள் ஐஸ் போடாத குளிர்ச்சி வரும். புழுக்க நாளில் அதே குடம் சும்மா நிற்கும். குடத்தில் குறை இல்லை, காற்றில் இடமில்லை.

கிணறுகளைப் பற்றி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நாம் இருப்பது மணல் திட்டில். கிணற்றின் நல்ல தண்ணீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. ஆகஸ்டில் அந்தப் படை மெலியும். தாங்கியை நிரப்ப மோட்டாரை ஒரேயடியாக ஓடவிட்டால் அடியிலிருந்து உவர் ஏறும், ஏறியது எளிதில் இறங்காது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறையுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறு இறைத்தவர்களுக்கு இந்தப் பாடம் கசப்பாகவே தெரியும்.

ஐந்தாம் படி: சாப்பாடு

மட்டக்களப்பில் கோடைச் சாப்பாட்டுக்கு யாரும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரவுச் சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடி, காலையில் எருமைத் தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசைந்தால் பதினொரு மணிவரை பசி எட்டிப் பார்க்காது. பழஞ்சோற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம்வரை வைத்தால் அது சாப்பாடு அல்ல, சோதனை.

தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும், குறிப்பாகச் சொதி, புழுக்க நாளில் கண்ணெதிரே பழுதாகும். சமைத்த சாப்பாட்டை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 பாகையைத் தாண்டிய நாளில் ஒரு மணித்தியாலம்தான். மீனை வாங்கியவுடன் வெட்டிக் கழுவுங்கள். வாங்கிய மீனை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு கச்சேரி (மாவட்டச் செயலகம்) அலுவலையும் முடித்துவரும் பழக்கம் நம் ஆண்களிடம் உண்டு. வேண்டாம்.

தெருவோரத்தில் வெள்ளரிப்பழம், வத்தகப்பழம், இளநீர் எல்லாம் கிடைக்கும். வெட்டி வைத்த துண்டை வாங்காமல் உங்கள் முன் வெட்டச் சொல்லுங்கள். காட்டிலிருந்து பாலைப்பழம் வரும் காலமும் இதுதான். பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்பது தெரியாத வெளியூர் நண்பருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்வது ஊர் வழக்கம்.

ஆறாம் படி: பின்னேர மழைக்கு ஆயத்தம்

வளிமண்டலவியல் திணைக்களம் ஊவா, கிழக்கு மாகாணங்களில் மாலையிலோ இரவிலோ இடியுடன் கூடிய மழை என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும். பலர் அதை வாய்பாடு என்று தள்ளிவிடுகிறார்கள். அது உண்மையில் காற்றுகளின் சண்டை. கிழக்கே கடல்காற்று உள்ளே வர, மேற்கே கச்சான் எதிர்க்க, இரண்டும் முட்டும் இடத்தில் காற்று மேலெழுந்து முகிலாகிறது. அம்பாறைப் பக்கமும் படுவான்கரைப் பக்கமும்தான் அது முதலில் கறுக்கும். மூன்று மணிக்கு மேற்கு வானத்தில் பூக்கோவா போல முகில் எழுந்து, நின்ற காற்று திடீரென்று குளிர்ந்து வீசினால், உங்களுக்குக் கால் மணித்தியாலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கால் மணித்தியாலத்தில் செய்ய வேண்டியது: தொலைக்காட்சி, இணையக் கருவி, மோட்டார் ஆகியவற்றின் சொருகியைக் கழற்றுவது, வயலிலும் வாவியில் தோணியிலும் நிற்பவர்களைக் கரைக்கு அழைப்பது, விறகை உள்ளே எடுப்பது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் முழங்கினால் வீட்டுக்குள் போங்கள், கடைசி முழக்கத்துக்குப் பிறகு முப்பது நிமிடம் வெளியே வராதீர்கள். வெளி வயலில் தனிமரத்தின் கீழ் ஒதுங்குவதைவிட நனைவது மேல்.

நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையின் முதல் பத்து நிமிட நீரைத் தாங்கிக்குள் விடாதீர்கள். காகமும் தூசியும் கூரையில் விட்டுவைத்த எல்லாம் அதில்தான் வரும். தெருவும் அப்போதுதான் வழுக்கும்.

ஏழாம் படி: நுளம்பு

ஒரு மழை, பிறகு எட்டு நாள் வெயில். டெங்கு நுளம்புக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. முட்டை வளர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்து கிடக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு வளவைச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை. சிரட்டை, யோகட் கோப்பை, டயர், பீலி எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது பிரிட்ஜின் பின்பக்கத் தட்டும், யாரும் கவனிக்காத பூச்சாடித் தட்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் “சுகமாகிவிட்டது” என்று எழுந்து ஓடாதீர்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயல் சேற்றில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலையும் மறக்க வேண்டாம். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

எட்டாம் படி: உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

தலைச்சுற்று, குமட்டல், காலில் குறண்டிப் பிடித்தல் என்றால் நிழல், தண்ணீர், உப்பு, ஓய்வு. இது எச்சரிக்கை மட்டும்தான். பேச்சுக் குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சி. அங்கே நிமிடங்கள்தான் கணக்கு. 1990ஐ அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பரசிட்டமோல் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

இருதய நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீர் போக்கும் மாத்திரை எடுக்கும் முதியவர்களைக் கோடை தொடங்கும் முன்பே வைத்தியரிடம் அழைத்துப் போய் அளவைக் கேளுங்கள். தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து குளிர்த்தி பாடும்வரை சனம் திரளும். மதுரையை எரித்தவளின் சூட்டைத் தணித்தால் ஊர்ச் சூடும் தணியும் என்று நம்பிய ஊர் இது. இரவு முழுக்க விழித்து, மறுநாள் வெயிலில் நிற்பதால்தான் மயங்கி விழுகிறார்கள். பகலில் தூங்கிவிட்டுப் போங்கள். அதன் பின் உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் காட்டில் நண்பகலில் நடக்காமல், ஆளுக்கு ஆள் தண்ணீரைச் சுமந்துகொண்டு போவது நல்லது. “முன்னால் போகிறவரிடம் இருக்கிறது” என்பது காட்டில் செல்லாது.

ஒன்பதாம் படி: இரவு

விறாந்தையில் பன்பாய் விரித்துப் படுப்பதற்கு இணையில்லை. நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்று வாவி மேலாகக் கடலுக்குப் போகும்போது உடம்பில் படும். ஆனால் வலையில்லாமல் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும், கடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது. விடியும்போது வயிற்றுவலியும் இமை தொங்குவதும்தான் முதல் அடையாளம். அப்படி எழுந்தவரை நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகினால் நுளம்பும் வராது, பாம்பும் வராது.

தூக்கம் வராத பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போகலாம். வாவிக்கு அடியிலிருந்து இசைபோல எழும் என்று சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்க இதுதான் பருவம். எனக்குக் கேட்டதா என்றால், அது வேறு கதை. காற்று நன்றாக இருந்தது.

செப்டெம்பர் வந்ததும்

சூரியன் மறுபடி தலைக்கு மேல் வந்து போன பிறகும் வெக்கை உடனே விடாது. ஆனால் காற்றுத் தளரும், ஒக்டோபரில் மழை அடிக்கடி வரும், அதன் பின் மாரி. வருடத்து மழையின் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டப்போகிறது. கூரையில் கட்டிய கிடுகைக் கழற்றி, உடைந்த ஓட்டை மாற்றி, பீலியில் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளி, வடிகானைத் திறந்துவிட வேண்டும். ஏணி எங்கள் ஒழுங்கையில் மொத்தம் இரண்டுதான். ஒக்டோபரில் முதல் இடி கேட்டதும் எல்லாரும் அதற்கு ஓடுவார்கள். நான் ஆகஸ்ட் கடைசியிலேயே சொல்லி வைத்துவிடுவேன்.